சிரட்டையும் செல்வமே



திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்று, 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் பொன்முடியை அடையலாம். கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயர்ந்த அம்மலையின் தேயிலைச் சரிவுகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்து வந்துள்ளன. அவ்வுயரத்தில் தென்னை செழிப்பதில்லை. தேங்காய் அடிவாரத்திலிருந்து மலையேறுகிறது. துருவியபின் எஞ்சும் சிரட்டையோ மலையிறங்குவதில்லை. கொல்லையிலேயே கிடக்கிறது.

கிடந்தால் என்ன கேடு என்பீர்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பொழியும் நிலம் இது. மல்லாந்த சிரட்டையில் தேங்கும் ஒரு கை நீர், ஏடிஸ் கொசு முட்டையிடப் போதும். நீரைக் கவிழ்த்துவிட்டாலும், ஒட்டிய முட்டைகள் உலர்ந்த நிலையிலேயே பல மாதம் உயிர்தாங்கும். 2006, 2007ஆம் ஆண்டுகளில் கேரளத்தை வாட்டிய சிக்குன்குனியாவைப் பரப்பியது இக்கொசு இனமே. எனவே சிரட்டையை எறியாதிருத்தல் சிக்கனம் மட்டுமன்று, காப்பும் ஆகும்.

அதனைப் பயன்படுத்தும் வழியை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். முற்றிய தேங்காயின் கண்ணில்லாத பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். நாரைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாளால் உள்ளும் புறமும் வழவழப்பாகத் தேயுங்கள். விளிம்பிற்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரு துளையிட்டு, சீவிய மூங்கிற் காம்பைச் செருகி இறுக்குங்கள். தேங்காயெண்ணெய் தடவி உலர்த்தினால் அகப்பை ஆயத்தம். உணவில் படுவதாதலின் வார்னிஷ் வேண்டா. இவ்வகப்பை கையைச் சுடாது, பாத்திரத்தையும் கீறாது.

கண்ணுள்ள பாதிக்கும் வேலை உண்டு. மூன்று கண்களில் மெல்லியதைத் திறந்துவிட்டால் அதன்வழி ஆவி ஏறும். மலையாள நாட்டார் சிரட்டைப் புட்டு அவிப்பது இவ்வாறே. மண்ணிட்டு நாற்று வளர்த்தாலும் மிகுநீர் அவ்வழியே வடிந்துவிடும்.

கைத்திறன் கூடினால் மதிப்பும் கூடும். பித்தளை இழைத்த கேரளச் சிரட்டைக் கைவினை புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

சென்னையார் கொட்டாங்கச்சி என்பதை நெல்லையாரும் குமரியாரும் மலையாளிகளும் சிரட்டை என்கின்றனர். நம் அகப்பை அண்டை வீட்டாருக்குத் தவி. பெயர் மாறினும் பொருள் ஒன்றே. அயல் மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் அகப்பை என்ற சொல்லை ஏட்டில் மட்டும் காணாமல், இந்த ஞாயிறன்று தம் கையாலேயே செய்து பார்க்கட்டும்.