ஒரே பெயர், வேறு நோய்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் பேசியது)



சில மாதங்களுக்கு முன் பெண்கள் வார்டில் ஒரு தாயார் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்: “ஐயா, எனக்கும் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் ஒரே மார்புப் புற்றுநோய்தான். அவங்களுக்கு ஊசி ஏறுது. எனக்கு வெறும் மாத்திரை. நாங்க ஏழைங்கன்னுதானே?”

எங்களிடம் பதில் இல்லை. ஜெபித்துவிட்டு நகர்ந்துவிட மனம் வரவில்லை. ஆய்வகத்துக்கே போய்க் கேட்டோம்.

கட்டியிலிருந்து எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவிச் சாயம் ஏற்றுகிறார்கள். மருத்துவர் நுண்ணோக்கியில் இரண்டு கண்ணாடித் தகடுகளைக் காட்டினார். ஒன்றில் ஒவ்வொரு செல்லின் நடுவும் பழுப்பாயிருந்தது. மற்றதில் செல்லைச் சுற்றி மட்டும் வேலி போட்டதுபோல் பழுப்பு நிறம்.

முதலாவது, ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனால் வளரும் வகை. கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற மருத்துவர் சினைப்பைகளை அகற்றியபோது மார்புக் கட்டி சுருங்கியதைக் கண்டு, 1896இல் அதை வெளியிட்டார். இன்று தமாக்சிஃபென் போன்ற மாத்திரைகள் ஈஸ்ட்ரோஜனுக்குக் கதவை அடைக்கின்றன.

இரண்டாவது, ‘ஹெர்-2’ என்ற புரதம் மிகுந்த வகை. இது வேகமாய்ப் பரவக்கூடியது என்பதை 1987இல் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் எடுத்துக்காட்டினர். அந்தப் புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசிக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நூறு நோயாளிகளில் பதினைந்து முதல் இருபது பேர் இந்த வகையினர். இந்த இரண்டிலும் சேராத கட்டிகளும் உண்டு. அவற்றுக்குப் பெரும்பாலும் கீமோதெரபியே துணை.

2000ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கட்டிகளில் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதும், மார்புப் புற்றுநோய் ஒரே நோயல்ல, பல நோய்கள் என்பதே தெளிவாயிற்று. 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவாத ஹார்மோன் வகை நோயுள்ள பலருக்கு, 21 மரபணுக்களைச் சோதித்துப் பார்த்துக் கீமோதெரபியையே தவிர்க்கலாம் என்று காட்டியது. ஆளுக்கேற்ற மருத்துவம் என்பது இதுதான்: தேவையானதைக் கொடுப்பதும், தேவையற்றதைக் கொடாதிருப்பதும்.

திரும்பி வந்து அந்தத் தாயாரிடம் சொன்னோம்: “அம்மா, இது ஏழைக்கென்று கொடுத்த மாத்திரை அல்ல, உங்கள் கட்டிக்கென்று தேர்ந்தெடுத்த மருந்து. அந்த ஊசியை உங்களுக்குப் போட்டால் பலன் இராது. இருதயத்துக்குத்தான் கெடுதல் வரலாம்.”

இங்கே ஒரு காரியத்தை உங்கள் சபைகளிலும் சொல்லுங்கள். வேறோர் இடத்தில் கட்டியை அகற்றிவிட்டு ஒரு சகோதரி எங்களிடம் வந்தார்கள். எடுத்த சதையை அங்கே எறிந்துவிட்டார்களாம். எந்த வகை என்று அறிய வழியில்லாமல் மருத்துவர்கள் திகைத்தார்கள். எங்கே அறுவை செய்தாலும் சதை பரிசோதனைக்குப் போகிறதா என்று கேளுங்கள். அறிக்கையையும் மெழுகுக் கட்டியையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

அந்தத் தாயார் சற்று நேரம் பேசாமலிருந்தார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்கள்: “அப்படின்னா, அந்த அம்மாவுக்கு ஊசி வாங்கக் காசு இருக்கா, ஐயா?”

அன்பானவர்களே, அந்த ஊசியை மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஏறக்குறைய ஓராண்டு போடவேண்டும். 2014இல் பெங்களூரு நிறுவனமொன்று இதற்கு நிகரான மருந்தை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் டிராஸ்டுசுமாபை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது இன்னும் எட்டாத உயரந்தான்.

முதல் கேள்விக்கு ஆய்வகத்தில் பதில் கிடைத்தது. இரண்டாவது கேள்வியை உங்களிடம் கொண்டுவந்திருக்கிறோம்.