பரிசும் தடையும்



பெண்களுக்கென்றே சர்க்கார் 1984-ல் அன்னை தெரசா பல்கலைக்கழகத்தை ஏற்படுத்தியது இந்தக் கொடைக்கானல் மலையில்தான். தடைகளைத் தாண்டிப் பட்டம் பெறும் பெண்ணுக்குப் பரிசு கொடுப்பது நல்லதுதான். ஆனால் அந்தத் தடைகளை வைத்தது யார் என்று கேட்க வேண்டாமா? தலைவிதியா? மனிதர்கள்தானே!

புதுக்கோட்டை முத்துலட்சுமி அம்மையாரைப் பாருங்கள். பெண் என்றும், தேவதாசிக் குலத்தாயின் மகள் என்றும் சொல்லி, அவரைக் கல்லூரியில் சேர்க்கக் கூடாதென்றார்கள். ராஜாவின் உத்தரவால்தான் உள்ளே போனார். 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றார். அதோடு திருப்தியடைந்தாரா? 1927-ல் சட்டசபைக்குப் போய்த் தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். 1947-ல் அதை ஒழிக்கச் சட்டம் வந்தது.

ஆகையால், இங்கே கைதட்டிவிட்டு, வீட்டில் மகள் படிப்பை நிறுத்துவது யோக்கியமாகாது. தாண்டுவதற்குத் தடையே இல்லையென்றால் இந்தப் பரிசுக்கே அவசியமிராது. அந்த நாளுக்குப் பாடுபடுங்கள் என்று கேட்டு முடித்துக்கொள்ளுகிறேன்.