வெங்காரமும் போரானும்



பொற்கொல்லர் பட்டறையை நினைந்து பாருங்கள். கரியனலின்மேல் ஒரு காதணி; ஒட்டவேண்டிய இடத்தில் பற்றாசு; அதன்மேல் வெண்ணிறப் பொடி. ஊதுகுழலால் ஊத ஊத அப்பொடி பொரிந்து உப்பி, பின்னர் உருகிக் கண்ணாடிபோற் படர்கிறது. சூட்டினால் மாழையின்மேற் படியும் கருக்கை அது கரைத்துவிடப் பற்றாசு தடையின்றி ஓடி இணைப்பை இறுக்குகிறது. அப்பொடியைப் பொற்கொல்லர் வெங்காரம் என்கிறார். அவர்தம் மகனோ பள்ளியில் 'போராக்சு' என்றும் 'போரான்' என்றும் உருப்போடுகிறான். தந்தையின் பெட்டியிலுள்ள பொருளே தன் பாடத்திலும் உள்ளதென்று அவன் அறியான். தொழிலறிவும் ஏட்டறிவும் இவ்வாறு பிரிந்து நிற்பது தமிழுக்கும் கேடு, அறிவியலுக்கும் கேடு.

வெங்காரம், வெண்காரம் என்னும் இரண்டும் ஒரே பொருளின் பெயர்கள். முன்னது அதன் வெம்மையையும் பின்னது அதன் வெண்மையையும் காட்டும். பொரிகாரம் என்றும் ஒரு பெயருண்டு. வெங்காரத்தின் எடையில் ஏறத்தாழ 47 விழுக்காடு நீரே. சுடுங்கால் அந்நீர் ஆவியாய் வெளியேறுவதே பொரிதல். ஆய்வகம் எடையிட்டுச் சொல்வதன் அடையாளத்தைத் தமிழன் பெயரிலேயே பொதிந்து வைத்தான். சித்த மருத்துவரும் அதனைப் பொரித்தே மருந்துக்குக் கொள்வர்.

வெங்காரத்துள் மறைந்திருந்த தனிமத்தை 1808-இல் பிரெஞ்சு அறிஞர் கேலூசாக்கும் தெனாரும், ஆங்கிலேய அறிஞர் டேவியும் பிரித்தனர். அதன் அணுவெண் 5. மிகக் கடினமானது, ஏறத்தாழ 2,076 செல்சியசுப் பாகையில்தான் உருகும். அதனைக் கரியத்தோடு சேர்த்தால் குண்டு துளைக்கா மெய்ம்மறைக்கு உதவும் கடும்பொருள் கிடைக்கிறது. மணலோடு அதன் சேர்மத்தையும் உருக்கினால் வெப்பத்தால் எளிதில் வெடிக்காத ஆய்வகக் கண்ணாடி கிடைக்கிறது. சுண்டாட்டப் பலகையில் தூவும் பொடியும் அதன் காடியே. நெல்லை மாவட்டத்துக் கூடங்குளம் அணுவுலையின் நீரிலும் அக்காடி கலக்கப்பெறுகிறது. பிளவைத் தொடரச்செய்யும் நொதுமிகளை விழுங்கி, அது உலையின் விரைவை அடக்குகிறது.

உழவர்க்கும் இதில் பங்குண்டு. குற்றாலச் சாரல் இவ்வட்டாரத்தைக் குளிர்விக்கிறது. ஆனால், மழைநீர் மண்ணூட்டத்தைக் கரைத்தும் செல்லும். மணற்பாங்கான நிலத்தில் இத்தனிமம் எளிதிற் கரைந்து அகலும். இது குறைந்தால் தென்னங்குருத்து விரியாமல் ஒட்டிச் சுருங்கும், குரும்பை கொட்டும். சிறிதளவு வெங்காரம் இட்டால் மரம் தேறும். ஆயினும், போதிய அளவுக்கும் மிகையான அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. மிகுந்தால் அதுவே நஞ்சாம். எனவே, மண்ணாய்வு செய்து அளவறிந்து இடுதல் வேண்டும். உணவிற் கலத்தல் எந்நாளும் ஆகாது. குழந்தைகளின் கைக்கெட்டாமல் வைத்தலும் கடமை.

இனிப் பெயருக்கு வருவோம். 'போராக்சு' ஆங்கிலத்தில் முளைத்த சொல்லன்று. அரபியரின் 'பூரக்' என்னும் சொல்வழி வந்தது. அவ்வுப்பின் பெயரினின்றே மேலையர் தனிமத்திற்குப் பெயர் ஆக்கினர். அவர்க்குப் பொருந்திய நெறி தமிழர்க்கு மட்டும் பொருந்தாதா? நீரகம், உயிரகம் என்பனபோல வெங்காரத்தினின்று 'வெங்காரகம்' என ஆக்கிக்கொள்ளலாம். இதனினும் செவ்விய சொல் கிடைப்பின் அதனையே கொள்க. உலகப் பொதுக் குறியீடு அப்படியே இருக்கட்டும். பாடமும் விளக்கமும் தமிழாகட்டும்.

சொல்லாராய்ச்சிக்கே வாழ்வை ஈந்த பாவாணர் 1902-இல் பிறந்தது சங்கரன்கோவிலில். அவ்வூர் இன்று இத்தென்காசி மாவட்டத்தது. அம்மண்ணின் மக்கள் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. பொற்கொல்லரிடமும் சித்த மருத்துவரிடமும் உழவரிடமும் சென்று அவர்தம் தொழிற்சொற்களை எழுதிக் கொள்ளுங்கள். முதியவர் ஒருவர் மறையும்போது அவரோடு சொற்களும் மறைகின்றன. ஆசிரியர்கள் 'போரான்' என்று கரும்பலகையில் எழுதும்போது அதனருகே 'வெங்காரம்' என்றும் எழுதுங்கள். பொற்கொல்லர் மகன் தன் தந்தையின் பெட்டியை அன்று புதிய கண்ணோடு திறந்து பார்ப்பான்.

வெல்க தமிழ்!