உயிர்வேலிக்கு ஏற்ற செடி எது?

 

லயங்களில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. குளிக்கும் இடமும் துணி துவைக்கும் இடமும் பிறர் பார்வையில் படாதிருக்க மறைப்பு ஒன்று தேவை என்பதை நம் பெண்கள் நன்கறிவர். பலகை மழையில் உளுத்துப்போகும், தகரம் துருப்பிடிக்கும். செடிகளால் அமையும் உயிர்வேலியோ ஆண்டுதோறும் வலுப்பெறும். ஆனால், எச்செடியை நடுவது என்பதை ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

மலரின் அழகை மட்டும் கருதி அரளியை நடுவோர் உளர். அதன் இலை, பூ, தண்டு, வேர் யாவும் நஞ்சு. தவழும் குழந்தை அதன் இலையைக் கடித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். உண்ணிச்செடியும் ஆடுமாடுகளின் கல்லீரலைக் கெடுக்கும். வேலியே பயிரை மேய்ந்தாற்போல, காவலுக்கு வைத்த செடியே நம் குழந்தைக்குக் கேடாகலாமா? எனவே, நஞ்சற்றதாய் இருப்பதே வேலிச்செடிக்கு முதல் தகுதியாகும்.

அத்தகுதி செம்பருத்திக்கு உண்டு. 1960ஆம் ஆண்டில் மலேசியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பெற்ற பூங்கா ராயா இதுவே. ஆண்டு முழுவதும் இலை அடர்ந்திருக்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஆடுகள் இதனை விரும்பித் தின்னுமாதலால், செடி வளரும்வரை அவற்றைக் கட்டி வைத்தல் நலம்.

சமையலுக்கு உதவும் செக்கூர் மானிஸ் கீரையையும் வேலியாக நடலாம். அதனை நன்கு சமைத்தே உண்ணல் வேண்டும். 1990களில் தைவானில் உடல் இளைப்பதற்காக அதன் பச்சைச் சாற்றைத் தொடர்ந்து பருகியோர் பலர் கடும் நுரையீரல் நோய்க்கு ஆளாயினர்.

வீடும் நிலமும் தோட்டத்திற்குரியவையாதலால், முதற்கண் நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுவோம். மழைக்காலத் தொடக்கத்தில், முற்றிய செம்பருத்திக் கிளைகளை 9 அங்குல நீளத்தில் வெட்டி, ஒன்றரை அடி இடைவெளியில் நடுவோம். அண்டை வீட்டார் எல்லையிலிருந்து 2 அடி உள்ளே தள்ளி நட்டால், கிளை நீண்டு மனத்தாங்கல் விளையாது. செடி ஓரடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் அடியிலிருந்தே கிளைகள் பெருகும். வேலியின் அடிப்பகுதி அகன்றும் மேற்பகுதி சற்றுக் குறுகியும் இருக்குமாறு கத்தரித்தால், கீழ் இலைகளுக்கும் வெயில் கிடைக்கும். 5 அடி உயரம் போதும். அதற்கு மேல் வளரவிட்டால் வீட்டினுள் காற்றும் வெளிச்சமும் குறையும்.

வேலியடியில் தகர டின், சிரட்டை, பிளாஸ்டிக் பை முதலியவற்றை எறிதல் ஆகாது. அவற்றில் தேங்கும் மழைநீரில் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். சருகுகளையும் அவ்வப்போது கூட்டி அகற்றுவோமானால், பாம்பு தங்க இடமிராது.

பணச் செலவின்றி, அண்டை வீட்டார் தரும் நான்கு கிளைகளைக் கொண்டே இம்முயற்சியைத் தொடங்கலாம். நம் வீட்டுக்கு மறைவும், நம் குழந்தைகளுக்குப் பாதுகாப்பும் தரும் வேலியை நாமே வளர்ப்போம்.