எழுதியது ஒன்று, எட்டியது என்று?
(தியாகராயநகர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தம்பி! உயர்நிலைப் பள்ளியிலே அமெரிக்க வரலாறு படிக்கிறாய். ஆண்டுகளை நெட்டுருப் போடாதே, கழித்துப் பார்!

மாந்தர் யாவரும் சமம் என்று 1776-இல் எழுதினார் ஜெஃபர்சன். எழுதிய கரத்துக்கு ஏவல் செய்ய அடிமைகள் இருந்தனர்! அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865-இல்; இடைவெளி 89 ஆண்டுகள். கறுப்பின மாணவருக்குத் தனிப்பள்ளி கூடாதென உச்சநீதிமன்றம் உரைத்தது 1954-இல். மீண்டும் 89 ஆண்டுகள்!

இங்கே? பனகல் பூங்காவைப் பார்க்கிறாயே, அந்தப் பனகல் அரசரின் நீதிக்கட்சி ஆட்சி 1921-இல் வகுப்புரிமை ஆணை தந்தது. அவ்வழி வந்த ஆணையை 1951-இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. தமிழகம் கொதித்தெழுந்தது, அவ்வாண்டே அரசியல் சட்டம் திருந்தியது!

எழுந்து நிற்போர் இல்லையேல், எழுதிய உரிமை ஏட்டிலே உறங்கும். தேர்வுக்கு மட்டுமன்று தம்பி, தேர்தலுக்கும் இதைப் படி!