பவளமும் மலைப்பாதையும்

ஓசூர் ஆலைகளில் வாரமெல்லாம் உழைக்கும் இளைஞர்கள், சேர்ந்தாற்போல் விடுமுறை வாய்த்தால், கர்நாடகத்தின் முருடேசுவரத்துக்குச் சென்று, அங்கிருந்து படகேறி, நேத்ராணித் தீவருகே ஸ்கூபா முறையில் மூழ்கிப் பவளப்பாறைகளின் சௌந்தரியத்தைக் கண்டு களிக்கிறார்கள்.

பாறையென்று தோன்றும் அது, நுண்ணிய பிராணிகள் சுண்ணாம்பைச் சுரந்து தலைமுறை தலைமுறையாய் எழுப்பிய குடியிருப்பாதலால், காலில் அணிந்த துடுப்பு ஒருமுறை மோதினாலும் பல்லாண்டு வளர்ச்சி கணப்பொழுதில் முறிந்துபோகும். 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் புலியோடு ஒரே சட்ட அட்டவணையில் பாதுகாக்கப்படுவதால், ஒரு துண்டை எடுத்துவருவதும் குற்றமே.

நம் சரீரத்துக்கும் ஒரு விதி உண்டு. ஆழத்து அழுத்தத்தில் சுவாசிக்கையில் இரத்தத்தில் கரையும் நைட்ரஜன், நாம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மெல்ல மேலேறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கினால், சிறிது சிறிதாகச் சுவாசத்தோடு வெளியேறும். விரைந்து ஏறினாலோ, திறந்த சோடாப் புட்டிபோல் உடலுக்குள் குமிழியாகி, மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை விளைவிக்கும்.

கரையேறிய பின்னும் அந்த நைட்ரஜனின் மிச்சம் உடலில் தங்குவதால், மேற்குத்தொடர்ச்சி மலையேறி, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூருக்கு உடனே திரும்புவது, விமானத்தில் பறப்பதைப் போன்றே அபாயகரமானது. ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கடற்கரையில் இளைப்பாறுவது உத்தமம்.

ஆகவே அன்பர்களே, ஞாயிறு மாலை ஊர் திரும்புவோர் சனிக்கிழமையோடு மூழ்குவதை முடித்துக்கொள்ளுங்கள். பவளத்தைக் கண்ணால் மட்டும் தொடுங்கள்.