செல்போனைப் பறித்தால் கல்வி வளருமா?



"செல்போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது, பிடுங்கி வையுங்கள்" என்று பேசாத வீடு இல்லை. கேரளத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

2019இல் கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை செல்போனைத் தொடக்கூடாது என்று விதி வந்தது. ஒரு மாணவி ஏற்க மறுத்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் வீட்டில் முடங்கிவிடவில்லை. உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை, கல்வி உரிமையின் ஒரு பகுதி. அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் அந்தரங்க உரிமையின் ஒரு பகுதி என்றது நீதிமன்றம். அம்மாணவியை மீண்டும் விடுதியில் சேர்க்கவும் உத்தரவிட்டது.

அடுத்த ஆண்டே கொரோனா வந்து கல்லூரிகளைப் பூட்டியது. வகுப்பறையே செல்போனுக்குள் வந்தது. அப்போதல்லவா அந்தத் தீர்ப்பின் அருமை பலருக்கும் புரிந்தது!

இன்று மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் பல்கலைக்கழகப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். மகளின் கையிலுள்ள போனைப் பறிப்பவர் இந்த வாசலையும் சேர்த்தே அடைக்கிறார். மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதியா? சிந்தியுங்கள்!

மாணவர்களே! அந்த மாணவி போராடிப் பெற்றது படிப்பதற்கான நேரம். அதே நான்கு மணி நேரத்தை நீங்கள் வெட்டி வீடியோக்களில் கரைத்தால், விதி போட்டவர்கள் சொன்னதே சரியென்று ஆகிவிடும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்!